கரையோரக் கணினி மாதிரிக்கு 450 மீட்டர் கட்டமுள்ள ஆழத் தரவு போதுமா?

நீரளவையர்:
வேறொரு திரியில் நண்பர் கணினிக்கடல் எழுதிய வரிகளைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. "அலைதடுப்புச் சுவர் கட்டினால் கரை எப்படி மாறும் என்று கணிக்கப் படகு விட்டு ஆழம் அளக்க வேண்டியதில்லை, ஜெப்கோ என்ற பன்னாட்டுத் திட்டத்தின் உலகக் கடலாழத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, மீதியைக் கணினி மாதிரி பார்த்துக்கொள்ளும்" என்பது அவர் திருவாக்கு. அந்தத் தரவின் ஒரு கட்டம் 15 விகலை, அதாவது நம் அட்சரேகையில் ஏறக்குறைய 450 மீட்டர். புதுச்சேரித் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டிருப்பதோ சில நூறு மீட்டர்தான். சுவர், அலை உடையும் இடம், அதற்குள் கிடக்கும் மணல் திட்டு, கரை ஆகிய அனைத்தும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி ஒரே ஓர் ஆழ எண்ணாகிவிடும்போது, மாதிரி எதைப் பார்த்துக்கொள்ளும் என்பதை அவரே விளக்கட்டும்.

கணினிக்கடல்:
படகில் ஏறாதவனுக்குக் கடலைப் பற்றிப் பேச உரிமையில்லை என்ற தொனி எனக்குப் பழகிவிட்டது. கரையோர மணல் நகர்வைத் தீர்மானிப்பது முதன்மையாக அலை. உடையும் அலையின் உயரம் ஏறத்தாழ இரண்டரை அடுக்காக மணல் நகர்வுச் சூத்திரத்தில் வருகிறது. ஆகவே அலை உயரத்தில் 10 சதவீதப் பிழை இருந்தால் மணல் கணக்கில் 27 சதவீதப் பிழை வரும். செலவழிக்கப் பணம் இருந்தால் அலைமிதவை போட்டு ஓராண்டு அலையை அளப்பதுதான் அறிவுடைமை. மேலும், வெளிக்கடலுக்குப் பெரிய கட்டமும் கரையோரத்துக்கு 10 மீட்டர் கட்டமும் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாக ஓட்டுவதே எங்கள் வழக்கம். 450, 450 என்று மந்திரம் ஓதுபவர் இதை அறியாதவர்போல் நடிக்கிறார்.

நீரளவையர்:
நடிக்கவில்லை ஐயா, அந்த 10 மீட்டர் கட்டத்துக்குள் போடும் ஆழம் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன். ஒரு தோசையை நாற்பது துண்டாக நறுக்கினாலும் வயிற்றுக்குள் போவது ஒரு தோசைதான். 450 மீட்டர் தரவை இடைச்செருகி, அதாவது நடுவில் அளக்காத இடங்களுக்கு எண்ணை ஊகித்து நிரப்பி, 10 மீட்டராக்குவதும் அவ்வளவே. உடையும் அலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தாரே, அந்த அலை எங்கே உடைகிறது? உயரம் ஆழத்தின் முக்கால் பங்கை எட்டும் இடத்தில் உடைகிறது. ஒன்றரை மீட்டர் அலை சுமார் இரண்டு மீட்டர் ஆழத்தில் உடையும். அந்த இரண்டு மீட்டர் ஆழம் கரையிலிருந்து 80 மீட்டரில் இருக்கிறதா, 200 மீட்டரில் இருக்கிறதா என்பதை ஒலியனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் சொல்லுமே ஒழிய, 450 மீட்டர் கட்டம் சொல்லாது. உலகக் கடலடியில் நேரடியாக அளக்கப்பட்டது 2025 நிலவரப்படி கால் பங்குக்குச் சற்று மேல். மீதியில் பெரும்பகுதி செயற்கைக்கோள் உணர்ந்த ஈர்ப்பு வேறுபாட்டிலிருந்து ஊகித்தது. கப்பலோட்டுவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளியிடுபவர்களே எச்சரிக்கும் தரவை வைத்து, நண்பர் ஊர்களின் கரையை நிர்ணயிக்கப் பார்க்கிறார்.

கணினிக்கடல்:
நான் சொன்னது தொடக்கநிலை ஆய்வைப் பற்றி. அதை வசதியாக வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது இவருக்குப் புதிதல்ல. சேதுக் கால்வாய்த் திரியிலும் இதையேதான் செய்தார். அங்கே மாதிரியின் முடிவு தமக்கு உவப்பாக இருந்ததால் தரவைப் பற்றி ஒரு கேள்வியும் எழுப்பாதவர், இங்கே திடீரென்று தூய்மைவாதி ஆகிவிட்டார். அளவீட்டுப் படகின் வாடகை யார் கைக்குப் போகிறது என்பதையும் இந்தத் திரியில் உள்ளவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பொம்மையார்பாளையத்தான்:
இரண்டு அறிஞர்களுக்கும் வணக்கம். 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்தின் சுவர் எழுந்தபோது, தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்துக் கடற்கரை போயிற்று, கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே சோலை நகருக்கும், பிறகு தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பத்துக்கும் எங்கள் ஊருக்கும் நகர்ந்தது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டமான தெண்டியே ஆண்டின் பெரும்பகுதியில் மணலைக் கொண்டுபோகிறது என்பதை எங்கள் குப்பத்தில் வலை இழுக்கும் எவரும் சொல்வார். 1876-இல் வேலை தொடங்கிய சென்னைத் துறைமுகம் தெற்கே மெரினாவை அகலமாக்கி வடக்கே ராயபுரத்தைத் தின்றதைக் காட்டக் கணினியும் தேவைப்படவில்லை, கடலடியை அகலப் பட்டையாக அளக்கும் மல்டிபீம் கருவியும் தேவைப்படவில்லை.

நீரளவையர்:
திசை எல்லோருக்கும் தெரியும், அளவுதான் கேள்வி. ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் மணலைக் கடத்த வேண்டும் என்று தெரியாமல் எந்தக் குதிரைத்திறன் பம்பை வாங்குவீர்கள்? தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே எஃகினாலான நீரடித் திட்டை இறக்கியதும் மணல் திரும்பியதே, அது ஆழமும் அலையும் அளந்த பின் செய்த வேலை. சேதுவைக் கிளறியவருக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கால்வாயின் திட்டமிட்ட அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர். உங்கள் 450 மீட்டர் கட்டத்தில் அது முழுக் கட்டத்தைக்கூட நிரப்பாது. கால்வாயே கண்ணுக்குத் தெரியாத மாதிரியில் கால்வாயின் விளைவைத் தேடிப் பாருங்கள்.

பொம்மையார்பாளையத்தான்:
தலைமைச் செயலகத்துக்கு மணல் திரும்பியது, மகிழ்ச்சி. எங்கள் ஊருக்கு வந்திருப்பவை கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவுகள். அவற்றுக்கும் வடக்கே இருப்பவர்களின் கதி என்ன என்று எவருடைய கட்டத்திலாவது பார்த்துச் சொல்லுங்கள்.

அலைக்கோல்:
நீரளவையரிடம் ஒரு சந்தேகம். படகுக்கு நேர்கீழே மட்டும் அளக்கும் சிங்கிள்பீம் கருவியைக் கொண்டு 50 மீட்டருக்கு ஒரு கோடாகப் படகு ஓட்டினால், இரு கோடுகளுக்கு நடுவே இருப்பதும் இடைச்செருகல்தானே? மல்டிபீம் என்றாலும், அது ஒரு முறையில் அளக்கும் அகலம் ஆழத்தின் மூன்று முதல் ஐந்து மடங்கு. 5 மீட்டர் ஆழத்தில் 15 முதல் 25 மீட்டர். அலை உடையும் பகுதிக்குள் படகே போக முடியாது. மேலும் பங்குனியில் அளந்த தரை ஐப்பசிக்குப் பிறகு அப்படியே இருக்குமா? 2011 டிசம்பரில் தானே புயல் கடந்த பிறகு, நவம்பரில் அளந்த வரைபடத்தை வைத்து நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

நீரளவையர்:
மீண்டும் அளந்திருப்பேன். இடைச்செருகல் 50 மீட்டருக்குள் நடப்பதும் 450 மீட்டருக்குள் நடப்பதும் ஒன்றே என்று வாதாடுபவரோடு எனக்கு மேலே பேச ஒன்றுமில்லை. குறுக்குக் கோடுகள் ஓட்டிச் சரிபார்ப்பது என்ற நடைமுறை இருப்பதை அலைக்கோல் கேள்விப்படாதது வியப்பளிக்கவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: சுவரின் முனைக்கும் கரைக்கும் நடுவே உங்கள் தரவில் எத்தனை கட்டங்கள்? அதற்குக் கணினிக்கடல் இன்னும் எண் தரவில்லை.

கணினிக்கடல்:
தந்துவிட்டேன். 10 மீட்டர் கட்டம் என்றால் எத்தனை என்று வகுத்துப் பார்க்கத் தெரியாதது என் குற்றமன்று. படகு வாடகையைப் பற்றி நான் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

நீரளவையர்:
எந்த ஆழத்தை வைத்து 10 மீட்டர்?