வெள்ளைப்படுதல்: மாத்திரைக்கு முன்னால் சோதனை

மருந்துக்கடையிலிருந்து

“வெள்ளைப்படுது, ஏதாவது மாத்திரை குடுங்க” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். உடனே எடுத்துக் கொடுக்கப்படுவது நாலு மாத்திரை அட்டை: ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒன்று, அசித்ரோமைசின் 1 கிராம் ஒன்று, செக்னிடசோல் 1 கிராம் இரண்டு. பூஞ்சை, பாக்டீரியா, ஒட்டுண்ணி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வீச்சு. வெறும் பூஞ்சைத் தொற்று என்றால் இதில் மூன்று வீண். அதோடு ஆன்டிபயாட்டிக் நல்ல கிருமிகளையும் அழிப்பதால் பூஞ்சை மறுபடி கிளம்பலாம். கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூகோனசோல் கூடாது. பூஞ்சைதான் என்று டாக்டர் உறுதி செய்தால், க்ளோட்ரிமசோல் 100 மி.கி. உள்ளே வைக்கும் மாத்திரை, ஏழு இரவு.

லேப்பிலிருந்து

கண்ணால் பார்த்து எந்தத் தொற்று என்று சொல்வது பாதி ஊகம்தான். ஸ்லைடில் ஒரு சொட்டு சலைன் (உப்புநீர்), பக்கத்தில் ஒரு சொட்டு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வெள்ளைப்படுதலைத் தொட்டெடுத்த பஞ்சுக்குச்சியை (ஸ்வாப்) இரண்டிலும் தொடுவோம். இரண்டாவதில் மீன் கவிச்சி அடித்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ் (பெண்ணுறுப்பில் பாக்டீரியா பெருகும் தொல்லை) சந்தேகம். மைக்ரோஸ்கோப்பில் சலைன் பக்கத்தில் செல்லின் ஓரமே தெரியாமல் மணல் தூவியதுபோல் பாக்டீரியா அப்பியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பி.ஹெச். (அமிலத்தன்மை அளவு) இயல்பாக 3.8 முதல் 4.5 வரை, பூஞ்சையில் பெரும்பாலும் அது மாறாது, பாக்டீரியா, ஒட்டுண்ணி இரண்டிலும் ஏறும்.

டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிதான் அதிகம் தப்பிவிடும். அது துள்ளினால்தான் அடையாளம். ஸ்வாப் அரை நாள் பெட்டியில் கிடந்து வந்தால் அசைவு நின்று வெள்ளணுபோல் இருக்கும், ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’ ஆகிவிடும். தொல்லை நிற்கவில்லையென்றால் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். வகைச் சோதனை கேளுங்கள். கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளும் அதில் தெரியும்.

சோதனைக்கு முந்தைய 24 மணி நேரம் உறவு, கிரீம், உள்ளே கழுவுவது மூன்றும் வேண்டாம். ரத்தமும் விந்துவும் பி.ஹெச்.சை ஏற்றிவிடும். அதனால் மாதவிடாய் நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

மகப்பேறு வார்டு நர்ஸ்

டாக்டர் முன்னால் “கொஞ்சம் பிரச்சினை” என்று இழுக்காதீங்க. கடைசி மாதவிடாயின் முதல் நாள், நிறம், வாடை, அரிப்பு, சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக், சர்க்கரை நோய், காப்பர்-டி எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொண்டு போங்க. கல்யாணமாகாத பெண்களுக்கு ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) போடாமல் உறுப்பின் வாசலிலேயே ஸ்வாப் எடுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. பெண் உதவியாளர் கூட இருக்கணும் என்று தயங்காமல் கேளுங்க.

எலும்பு உருகி வெளியே வருது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்படி எதுவும் உருகுவதில்லை. மாதவிடாய்க்கு நடுவில் நிறமில்லாமல், வழவழவென்று, இழுத்தால் நீள்வது முட்டை வெளியாகும் சமயம், மருந்தே வேண்டாம்.

அரசு மருத்துவமனை பால்வினை நோய்ப் பிரிவில் பச்சை கிட் என்ற மாத்திரைப் பொட்டலம் இலவசம்: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மி.கி. டிரைக்கோமோனாஸ் என்றால் கணவருக்கு அறிகுறி ஒன்றும் தெரியாவிட்டாலும் அவரும் மருந்து எடுக்கணும், இல்லாவிட்டால் திரும்ப வரும்.

அடிவயிற்று வலியோடு காய்ச்சல் என்றால் அன்றைக்கே போங்க. உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்றவருக்கு ரத்தம் கலந்து வந்தாலோ கிரீமில் நாள் கடத்தாதீங்க. பாப் ஸ்மியரும் (கருப்பை வாய் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) ஸ்கேனும் தேவைப்படும். சின்னக் குழந்தைக்கு நாற்றத்தோடு வந்தால் உள்ளே ஏதாவது சிக்கியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

மீண்டும் மருந்துக்கடை

ஒன்று விட்டுப்போச்சு: க்ளோட்ரிமசோல் வைக்கும் நாட்களில் ஆணுறையை நம்ப வேண்டாம், ரப்பர் பலவீனமாகும்.