கைநிரல்: சூழல் மாறும்போது உடன்வரும் குறுநிரலுக்கு ஒரு பெயர்

அன்புடையீர், வணக்கம்.

கணினிக்குக் கட்டளை எழுதும் ஒரு நிரல்மொழியை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது நாம் உடன் எடுத்துச் செல்ல விரும்பும், முன்பே எழுதிப் பலமுறை பயன்பட்ட குறுநிரல்களுக்கு, அதாவது சிறு கட்டளைத் தொகுப்புகளுக்கு, ‘மறுபயன்பாட்டுக் குறுநிரல்’ என்ற சொல்லை அன்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அதில் பொருட்பிழை ஏதுமில்லை. ஆயினும் அது பெயராக நிற்காமல் விளக்கமாகவே நிற்கிறது. அவற்றை வைக்கும் இடத்துக்கும் தொகுக்கும் வேலைக்கும் அதிலிருந்து சொல் பிறப்பிக்க முயன்றால் வாயில் நுழையாது. ‘கைநிரல்’ என்பதை நான் முன்வைக்கிறேன்.

இந்தத் தேவையை நான் உணர்ந்தது பாளையங்கோட்டையில், திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருந்த கோப்புகளை, இன்று பொதுவாக வழங்கும் யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றும் பணியில். அதற்கென்று பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய குறுநிரல்கள் ஒரே அடைவில் குவிந்து கிடந்தன. பைத்தான் என்ற மொழிக்கு மாறியபோது அவற்றை வரிக்கு வரி பெயர்த்து எழுதினால் போதும் என்றுதான் முதலில் எண்ணினேன். ‘நெல்லை’ என்ற ஒரே சொல் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. நிரலில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன என்று முன்கூட்டி அறிவிக்காவிட்டால், பெர்ல் அச்சொல்லின் நீளத்தைப் 18 பைட்டு (கணினியின் சேமிப்பு அலகு) என்று சொல்லும். பைத்தான் 3 எந்த அறிவிப்பும் இல்லாமலே 6 என்று சொல்லும், ஏனெனில் கொம்பையும் புள்ளியையும் அது தனித்தனிக் குறிகளாக எண்ணுகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த குழந்தைக்கோ அது மூன்று எழுத்து. திஸ்கியில் ‘நெ’யின் கொம்பு ‘ந’வுக்கு முன்னே சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னே வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எதைக் கொண்டுபோக வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது தெளிவாகிறது. எந்தக் குறிக்கு எந்தக் குறி, எது இடம் மாற வேண்டும் என்ற அட்டவணைதான் என்னுடைய உழைப்பு. அதைத் தனி உரைக்கோப்பாகப் பிரித்துவிட்டேன், அது எந்த மொழிக்கும் மாறாமல் வரும். எழுத்தை எண்ணும் பகுதி மொழியைச் சார்ந்தது, புதிதாகவே எழுத வேண்டும். கோப்புப் பாதைகள் கணினியைச் சார்ந்தவை. அவற்றை நிரலுக்குள் எழுதாமல், இயக்கும்போது கொடுப்பதே நல்லது. புதிய மொழி தானே செய்துவிடும் வேலைகளுக்கான குறுநிரல்களை மனம் வருந்தாமல் பழைய இடத்திலேயே விட்டுவிடலாம்.

சொல்லுக்கு வருகிறேன். எனக்கு முதலில் தோன்றியது ‘விதைநிரல்’. தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவத்துக்குக் குறுகிய கால நெல்லும் பிசானப் பருவத்துக்கு அதைவிட நீண்ட கால நெல்லும் விதைப்பார்கள். அடுத்த விளைச்சலுக்கென்று உண்ணாமல் எடுத்து வைப்பது விதைநெல். அழகான உவமைதான், ஆனால் இரண்டு காரணங்களால் கைவிட்டேன். சமவாய்ப்பு எண்களை உண்டாக்கும் நிரல்களில் தொடக்க மதிப்பை ‘விதை’ என்று சொல்வதால் படிப்பவருக்குக் குழப்பம் நேரும். மேலும் விதைநெல் தன்னைப்போன்ற நெல்லையே தரும்; நம் குறுநிரலோ புதிய மண்ணில் வேறு உருவம் கொள்கிறது.

‘கை’ என்ற முன்னடைக்குக் கையால் செய்தது என்ற பொருள் மட்டும் இல்லை. கைமருந்து, கைச்செலவு, கைவிளக்கு ஆகியவற்றில் வேண்டும்போது எட்டுவது, தன்னிடம் இருப்பது என்ற பொருள் ஓங்கி நிற்கிறது. வீட்டுக் கைமருந்து ஊர் மாறினாலும் உடன்வரும். கிடைக்கும் சரக்குக்கு ஏற்பச் சேர்மானம் சற்று மாறும், பக்குவம் மாறாது. நாம் பெயரிட விரும்பும் பொருளும் இத்தகையதே. பிறர் எழுதி வெளியிட்ட தொகுப்பு ‘நிரலகம்’ என்றால், ஒருவர் தமக்கெனப் பேணுவது ‘கைநிரலகம்’ ஆகும். வேறுபாடு விளக்கமின்றியே புரியும். கையால் எழுதிய நிரல் என்று பொருள்கொள்ள இடமுண்டு என்ற தடையை எதிர்பார்க்கிறேன். நிரல் எல்லாமே மனிதர் எழுதியதாக இருந்தவரை அப்படி ஒரு பிரிவுக்கே தேவை இருக்கவில்லை; இன்று இயந்திரம் எழுதும் நிரலிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமானால் ‘கையெழுத்து நிரல்’ போன்ற வேறு சொல்லைத் தேடலாம்.

1934இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இலேயே கலைச்சொல் தொகுப்பை வெளியிட்ட ஊர்க்காரன் என்ற உரிமையில், எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தனி ஐகார ஓரெழுத்துச் சொல்லின் முன் மெல்லினம் ‘மிகலுமாம்’ என்று நன்னூல் விருப்பமாகவே விடுகிறது. கைம்மாறு என்பதில் மிகுந்தது, கைநாட்டு என்பதில் மிகவில்லை. எனவே கைந்நிரல், கைநிரல் இரண்டும் இலக்கணத்துக்கு உட்பட்டவையே. தேடுபவர் ஒற்றில்லாமல்தான் தட்டச்சு செய்வார் என்பதால் கலைச்சொல் பட்டியலில் ‘கைநிரல்’ என்றே பதிய வேண்டுகிறேன். ஒற்றுடன் எழுத விரும்பும் அன்பர்களே, மறுப்பு இருந்தால், பதிவதற்கு முன்பே தெரிவியுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து