நம்பருக்கு 18 ரூபா செலவு, கருவாட்டு வியாபாரத்துக்குக் கட்டுப்படி ஆகுமா?

பாம்பன் கருவாடு:
எல்லாருக்கும் வணக்கம். பாம்பன்ல நானும் அம்மாவும் கருவாடு போட்டு வாட்ஸ்அப்ல விக்கிறோம். நெத்திலி, வாளை, சீலா, திருக்கை. வெளியூர் ஆளுங்க நம்பரைச் சேர்க்கத்தான் பேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் போடுறேன். போன மாசம் விளம்பரத்துக்கு 9,000, அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 10,620 ரூபா. 590 நம்பர் வந்துச்சு. வாங்கினது 40 பேர். ஒரு கிலோ கலவைப் பொட்டலம் 850 ரூபா. மீன், உப்பு, கூலி, பார்சல் எல்லாம் போக 190 நிக்கும்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"னு அம்மா விளம்பரத்தை நிறுத்தச் சொல்றாங்க. எனக்கு மனசு வரலை. முதல் ஆர்டரோட 100 கிராம் நெத்திலி இலவசம்னு போட்டப்ப நம்பர் மளமளன்னு வந்துச்சு. அதையே கூட்டிப் போடவா?

சாயல்குடி கருப்பட்டி:
தங்கச்சி, கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் பாரும்மா. நம்பருக்கு 18 ரூபாங்கிறதை வச்சு எதையும் முடிவு பண்ணாத. வாங்கின ஆளுக்கு எவ்வளவு ஆச்சு? 10,620-ஐ 40-ஆல வகுத்தா 265 ரூபாய்க்கு மேல. உனக்கு நிக்கிறது 190. முதல் பொட்டலத்துலயே ஆளுக்கு 75 ரூபா கையை விட்டுப் போகுது. அதே ஆள் ரெண்டாவது தடவை வாங்கினா அந்த 190 முழுசா உனக்கு, ஏன்னா அதுக்கு விளம்பரச் செலவு கிடையாது. நான் கருப்பட்டியில பார்த்ததும் இதுதான். முதல் வியாபாரம் செலவுக்குச் சரியாப் போயிரும், மறுபடி வர்ற ஆள்தான் லாபம்.

எந்த விளம்பரத்துல வந்தவங்க வாங்கினாங்கன்னு பிரிச்சுப் பார்த்தியா? எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டினா ஒண்ணும் தெரியாது.

பாம்பன் கருவாடு:
பிரிக்க முடியும்ணே. வாட்ஸ்அப்ல தானா வந்து நிக்கிற முதல் மெசேஜை விளம்பரத்துக்கு விளம்பரம் மாத்தி வச்சிருந்தேன். இப்பத்தான் உட்கார்ந்து எண்ணினேன். போட்டது ரெண்டு விளம்பரம், ஜிஎஸ்டியோட ஒவ்வொண்ணுக்கும் பாதி, 5,310 ரூபா.

இலவச நெத்திலி: 430 நம்பர், 12 பேர் வாங்கினாங்க.
அம்மா சீலாவைக் கீறி, முள்ளு ஓரமா உப்பை விரலால அழுத்தி அடைச்சு, வலைப் பரண்ல விரிக்கிற வீடியோ, கீழயே 850 ரூபான்னு விலை: 160 நம்பர்தான், ஆனா 28 பேர் வாங்கினாங்க. அதுல 11 பேர் மறுபடியும் கேட்டு வாங்கியாச்சு. இலவசத்துல வந்தவங்கள்ல மறுபடி வந்தது 2 பேர்.

சாயல்குடி கருப்பட்டி:
கேட்டதுக்கு நீயே பதில் சொல்லிட்டியேம்மா! இலவசத்துல நம்பர் 12 ரூபாய்க்குக் கிடைக்குது, வாங்குற ஆளுக்கு 442 ரூபா ஆகுது. நெத்திலி விலை அதுக்கு மேல. அம்மா வீடியோவுல நம்பருக்கு 33 ரூபா, ஆனா வாங்குற ஆளுக்கு 190-க்குள்ள. முதல் பொட்டலத்துலயே செலவு கழிஞ்சிருது. விலையைப் பார்த்துட்டும் மெசேஜ் போடுறவன்தான் வாங்குவான். மணல்ல போடாம பரண்ல காயப்போடுறதைக் கண்ணால பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வருது. இலவசத்தை நிறுத்து, வீடியோவை விடாத.

இன்னொண்ணு. வாட்ஸ்அப்ல ஒரே மெசேஜைப் பல பேருக்கு ஒண்ணா அனுப்புற சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர்தான் சேரும். அதுலயும் உன் நம்பரைத் தன் போன்ல பதிஞ்சு வச்சவங்களுக்குத்தான் மெசேஜ் போகும். 590 பேர்ல எத்தனை பேர் பதிஞ்சிருப்பாங்கன்னு நினைக்கிற? முதல் மெசேஜ்லயே "புதுச் சரக்கு காய்ஞ்சதும் சொல்லவா? சொல்லணும்னா இந்த நம்பரைப் பதிஞ்சுக்கங்க"ன்னு கேட்டுரு. சம்மதம் சொல்லாதவங்களுக்கு அனுப்பாத. நாலு பேர் புகார் அடிச்சா வாட்ஸ்அப் நம்பரையே முடக்கிருவான், அப்புறம் இருக்கிற வாடிக்கையும் போச்சு.

கீழக்கரைக்காரன்:
பொருள் வந்ததும் காசுங்கிறதை வச்சிருக்கீங்களாக்கா? இருந்தா அந்த 190 நிக்காது. ஒரு பொட்டலம் திரும்பி வந்தா போக வரப் பார்சல் கூலி உங்க தலையில. கருவாடு நமுத்துப் போய் வரும், வேற ஆளுக்கும் கொடுக்க முடியாது. ஜிபே-ல முன்பணம் வாங்கிட்டு அனுப்புங்க. அம்மா வீடியோவைப் பார்த்தவங்க தயங்க மாட்டாங்க.

தொண்டி:
விளம்பரத்தை வருசம் பூரா ஒரே அளவுல ஓட்டாதீங்க தங்கச்சி. புரட்டாசியில பாதி வீட்டுல கவுச்சி கிடையாது, அப்ப போடுற காசு வீண். ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம பக்கம் கருவாடு காயாது, ஆர்டர் எடுத்துட்டுச் சரக்கில்லாம நிக்கணும். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. பச்சை மீன் விலை ஏற ஏற ஜனங்க கருவாட்டைத் தேடும். அப்ப பட்டியல்ல இருக்கிறவங்களே வாங்கிருவாங்க, விளம்பரம் எதுக்கு? தை, மாசி, பங்குனியில வெயில் நல்லாயிருக்கும், சரக்கும் இருக்கும். ஆள் சேர்க்கிற காசை அந்த மூணு மாசத்துல போடுங்க.

மறுபடி வாங்கின 13 பேருக்கும் நீங்களே போன் போட்டுப் பேசுங்க. "உங்க தெருவுல ஒருத்தரைச் சேர்த்து விடுங்க, உங்க அடுத்த பொட்டலத்துல 60 ரூபா குறைக்கிறேன்"னு சொல்லிப் பாருங்க. அப்படி வர்ற ஆளுக்கு 60 ரூபாதான் செலவு.

பாம்பன் கருவாடு:
ரொம்ப நன்றிண்ணே. இலவச விளம்பரத்தை இப்பவே நிறுத்திட்டேன். வாங்கின ஆளுங்க நம்பரைக் கொடுத்தா அதே மாதிரி ஆளுங்களை பேஸ்புக்கே தேடித் தருமாமே, அதைச் செய்யலாமா?

சாயல்குடி கருப்பட்டி:
அதுக்குக் குறைஞ்சது 100 பேர் வேணும்மா, உன்கிட்ட 40 தான் இருக்கு. அதுலயும் 12 பேர் இலவசத்துக்கு வந்தவங்க, அவங்களைக் கொடுத்தா அதே மாதிரி ஆளுங்களைத்தான் பிடிச்சுட்டு வரும். முழு விலைக்கு வாங்கினவங்களே 100 பேர் ஆகட்டும். அதுவரைக்கும் மதுரை, திருப்பூர், சென்னைன்னு ஊரை மட்டும் தேர்ந்தெடுத்து அந்த வீடியோவை ஓட்டு. வாரா வாரம் வாங்கின ஆளுக்கு என்ன ஆச்சுன்னு நோட்டுல எழுதி வை. அது 190-ஐத் தாண்டின வாரம் பாதியாக் குறைச்சிரு.