டிஸ்பாட்ச் நிற்காமல் குடோன் நெட்வொர்க்கும் ஸ்கேனரும் மாற்றுவது: அனுபவங்களைப் பகிரலாம்

கேபிள் பக்கம்:
ரேக் காலியாக இருக்கும்போது எடுத்த வைஃபை சர்வே குப்பைக்குத்தான் போகும். தண்ணீர் கேன், எண்ணெய் டின் எல்லாம் ஏறிய பிறகு எடுங்கள். உயரமான கூரையில் எல்லாப் பக்கமும் பரப்பும் ஆன்டெனா வேண்டாம்; ரேக் சந்தின் நீளவாக்கில் பார்க்கும், ஒரு பக்கமாகப் பரப்பும் தட்டையான பேட்ச் (patch) ஆன்டெனா போதும். காப்பர் கேபிள் 100 மீட்டரோடு சரி, அதற்குமேல் ஃபைபர். புது ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) பலவற்றுக்குப் பழைய நெட்வொர்க் சுவிட்ச் போர்ட் கேபிள் வழியே தரும் 15.4 வாட் பத்தாது. பத்தாவிட்டாலும் ஆன் ஆகும். ரேடியோவைக் குறைத்துக்கொண்டு ஓடும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடுவார்கள். 30 வாட் சுவிட்ச் முதலில், மற்றது பிறகு.

ஸ்கேனர் பக்கம்:
பழைய எஸ்எஸ்ஐடியை (வைஃபை நெட்வொர்க்கின் பெயர்) அவசரப்பட்டு அணைக்காதீர்கள். விண்டோஸ் சிஇ (சின்னக் கருவிகளுக்கான பழைய விண்டோஸ்) கைக்கருவிகளுக்கு டபிள்யூபிஏ3 என்ற புது வைஃபை பாதுகாப்பு முறை தெரியாது. புதுசுக்குத் தனி எஸ்எஸ்ஐடி கொடுத்து இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

ஆண்ட்ராய்டுக்கு மாறும்போது பெரிய அடி பார்கோடில்தான். ஜிஎஸ்1-128 என்ற சரக்கு பார்கோடில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன் ஒரு குறியீட்டு எண் வரும். அதில் பேட்ச் (batch) எண்ணுக்கு (10) நீளம் நிலையில்லை, 20 எழுத்து வரை போகலாம். அது எங்கே முடிகிறது என்று காட்டுவது கண்ணுக்குத் தெரியாத ஆஸ்கி 29 என்ற பிரிப்புக் குறி. புது ஸ்கேனரின் செட்டிங் அதை விழுங்கிவிட்டால், பேட்ச் 4521, காலாவதி (17) 261130 இரண்டும் ஒட்டி 452117261130 என்று ஒரே பேட்ச் ஆகிவிடும். 12 எழுத்துதானே, சிஸ்டம் மறுக்காது. பீப் சத்தமும் ஒழுங்காக வரும். இல்லாத பேட்ச்சில் சரக்கு ஏறியிருப்பது ஆர்டருக்குச் சரக்கு எடுக்கும் பிக்கிங்கில்தான் தெரியும். மாற்றும் முன் ஒவ்வொரு சப்ளையரின் லேபிளிலும் ஒன்றை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.

பிரிண்டர் பக்கம்:
203 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) பிரிண்டர் இருந்த இடத்தில் 300 வைத்தால் லேபிள் மூன்றில் இரண்டாகச் சுருங்கும், இசட்பிஎல் (லேபிள் பிரிண்டர் மொழி) டெம்ப்ளேட்டில் அளவெல்லாம் புள்ளிக்கணக்கு என்பதால். பிரிண்டரின் ஐபி முகவரி மாறினால் சர்வரில் உள்ள பிரிண்டர் பட்டியலையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பிரின்ட் எல்லாம் பழைய முகவரிக்கே போய் நிற்கும்.

டிஸ்பாட்ச் பக்கம்:
மாதக் கடைசியும் ஸ்டாக் எடுக்கும் வாரமும் வேண்டவே வேண்டாம். ரிசீவிங்கில் தொடங்குங்கள், இறக்க வந்த லாரி கொஞ்சம் காத்திருக்கும், ஏற்ற வேண்டிய லாரி காத்திருக்காது. கைமாற்றும் முன் பழைய ஸ்கேனர் ஒவ்வொன்றிலும் அனுப்பாமல் நிற்கும் ஸ்கேன் பூஜ்யமா என்று பாருங்கள். பழையபடி திரும்புவதற்கான கடைசி மணியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த மணி வந்ததும் "இன்னும் 10 நிமிஷம்" என்ற பேச்சே கூடாது. பழைய சுவிட்ச்சை ஒரு வாரத்துக்காவது நெட்வொர்க் ரேக்கிலிருந்து கழற்றாதீர்கள்.