9000 ஏசி போட்டும் அறை குளிரவில்லை, 18000 எடுக்கவா? (அவசரம்)

நிலாவெளிவீதி: வணக்கம். திருகோணமலையில் எங்கள் படுக்கையறைக்கு 9000 பிடியு (குளிராக்கும் திறனின் அளவு) ஏசி போட்டோம். இரவு 11 மணியாகியும் 28-க்குக் கீழே இறங்குதில்லை. அப்பா புழுக்கத்தில் நித்திரை கொள்ளுறாரில்லை. கடைக்காரர் 18000 எடுங்கோ என்கிறார். நாளைக்கு முற்பணம் கட்ட வேண்டும். எடுக்கலாமா?

உவர்மலையான்: அறை எத்தனை அடி? கூரை ஓடா, சீற்றா, கொங்கிறீட்டா? வெயில் எந்தச் சுவரில் படுகிறது? இதொன்றும் சொல்லாமல் என்னத்தைச் சொல்ல?

காஸ்_தம்பி: ஏசிக்குள் குளிராக்கிற காஸ் குறைஞ்சிருக்கும் அண்ணா. வெளி யூனிற்றில் மெல்லிய குழாயில் பனி பிடிக்குதா பாருங்கோ.

மூதூர்_அக்கா: பின்னேரம் வோல்ற்றேஜ் பார்த்தீர்களா? எங்கள் பக்கம் ஏழு மணிக்கு இறங்கினால் கம்பிரசர் இழுக்கவே இழுக்காது.

குளிர்கணக்கு: இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ தரம் எழுதியாயிற்று, தேடிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. அமெரிக்க அட்டவணையில் 150 முதல் 250 சதுர அடிக்கு 6000 போதும் என்றிருக்கும். அது வெப்பக்காப்பு வைத்த வீட்டுக்கு. கச்சான் காற்று அடிக்கிற ஜூலையில் பின்னேரம் ஐந்து மணிக்கு மேற்குச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள், பிறகு வந்து கணக்குக் கேளுங்கள்.

நிலாவெளிவீதி: 12க்கு 14. கொங்கிறீட், சீலிங் இல்லை. மேற்குச் சுவர்தான். வோல்ற்றேஜ் சரி, பனியும் இல்லை.

உவர்மலையான்: ஜன்னலுக்கு மேலே காற்றோட்டத்துக்கு ஓட்டை விட்டிருக்கா?

நிலாவெளிவீதி: இரண்டு இருக்கு. நுளம்புவலை அடித்திருக்கு.

குளிர்கணக்கு: அப்போ நீங்கள் நிலாவெளி வீதியைத்தான் குளிராக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

உவர்மலையான்: நக்கலை விடுங்கோ. தம்பி, முதலில் ஓட்டைகளை அடையுங்கள். பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கொங்கிறீட் இரவில்தான் கீழே விடும், அதனால் சீலிங் அடித்து மேலே வெப்பக்காப்பு விரித்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் போதாவிட்டால் 12000 இன்வேர்ட்டர் ஏசி (கம்பிரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற வகை), அதாவது குளிராக்கும் திறன் மூன்றரை கிலோவாற், தாராளம். 18000 போட்டால் அறை சட்டென்று குளிர்ந்து ஏசி நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. மாரியில், நவம்பர் டிசம்பரில், படுக்கை விரிப்பே நனைந்த மாதிரி இருக்கும். மாதம் மின்சாரம் 180 யூனிற்றைத் தாண்டினால் பில்லும் ஒரேயடியாக ஏறும். வெளி யூனிற் கடல் பக்கம் என்றால் தகட்டில் உப்புப் படியும், நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

ரொறன்ரோ_திருமலையான்: இங்கே ஹீட்டருக்கும் இதே கதைதான். வீட்டுக்கு மிஞ்சியதைப் பூட்டினால் எரிந்து எரிந்து அணையும், ஓர் அறை வேகும், மற்றது விறைக்கும்.

மூதூர்_அக்கா: எங்கள் ஹீட்டர் கன்னியா வெந்நீரூற்றில் இருக்கு அண்ணா, ஏழு கிணறு.

தம்பலகாமத்தான்: ஏசியை விடுங்கோ, மேற்குப் பக்கம் ஒரு மரமும் இல்லையா?

நிலாவெளிவீதி: வேம்பு நின்றது. கரண்ட் கம்பியில் படுகுது என்று வெட்டினோம்.

தம்பலகாமத்தான்: நினைத்தேன். நிழலை வெட்டி விறகாக்கிவிட்டு 18000 தேடுகிறார்கள். கிளையைத் தறித்திருந்தால் போதாதா?

காஸ்_தம்பி: கம்பி அறுந்து விழுந்தால் நீங்களா வந்து நிற்பீர்கள்? காற்றில் வேப்பங்கொப்பு முறிந்து எங்கள் சீற் மூன்று போச்சு.

தம்பலகாமத்தான்: கொப்பு முறிந்ததற்கு மரத்தோடு கோபமா? அந்தச் சீற்றுக்குக் கீழே இப்போ எப்படிப் படுக்கிறீர்கள்?

காஸ்_தம்பி: ஏசி போட்டுத்தான்.

குளிர்கணக்கு: மரச் சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள்.

நிலாவெளிவீதி: ஓட்டை இரண்டையும் றெஜிபோம் (தெர்மோகோல்) வைத்து அடைச்சாச்சு. ஒன்பதரைக்கே 26 காட்டுது. சீலிங்குக்கு ஆள் சொல்லியிருக்கு. முற்பணம் கட்டவில்லை. நன்றி.

காஸ்_தம்பி: எதற்கும் காஸை ஒருக்கால் பார்த்துவிடுங்கோ அண்ணா.