கோதாவரிக் கரையில் சித்தப்பா

குழு: பெரிய வீடு

வெள்ளி இரவு

சித்தி: நாளைக்கு இவர் போனை எடுக்கவில்லை என்று யாரும் பதற வேண்டாம். காலையில் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஆந்திராவில் இருக்கும் ராஜமுந்திரிக்குப் போகிறார். கல்யாணமும் இல்லை, காரியமும் இல்லை. பாலம் பார்க்கப் போகிறாராம்.

ராஜி அத்தை: பாலத்துக்காக 580 கிலோமீட்டரா? ஏன் அண்ணா, கூவத்து மேல் பாலம் இல்லையா?

சித்தப்பா: ஒரே ஊரில் மூன்று ரயில் பாலம், ஒவ்வொன்றும் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். கூவத்தில் காட்டு, டிக்கெட்டையே கேன்சல் செய்துவிடுகிறேன்.

கார்த்தி: அத்தை அவுட் 😂

சனி மாலை

சித்தப்பா: வந்து சேர்ந்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கடைசி ஊரான கொவ்வூர் தாண்டியதும் தூங்கியவர்கள்கூட எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். எதிர் சீட்டு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை ஆற்றில் வீசினார். அது எதிலோ பட்டு ணங்கென்றது. ஆற்றில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு ரூபாய் எடுத்தார்.

பாட்டி: நீ போட்டாயா?

சித்தப்பா: கையில் கேமரா இருந்ததும்மா.

பாட்டி: அதானே.

ஞாயிறு மாலை

சித்தப்பா: [படம்] புஷ்கர் படித்துறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஊர் கிழக்குக் கரையில் இருப்பதால் சூரியன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்குகிறது. கான்கிரீட் வில் வில்லாக நிற்கிறதே, அது 1997-இல் வந்த ஆர்ச் பாலம். அதில் கூட்ஸ் ஒன்று போனது. வெயிலுக்கு எதிரில் வேகன் எல்லாம் ஒரே கறுப்பு, இரண்டு வேகனுக்கு நடுவில் மட்டும் ஆரஞ்சுக் கீற்று. இன்ஜின் என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை. நானே அதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்த்தி: பக்கத்தில் காலியாக நிற்பது?

சித்தப்பா: அதுதான் ஹேவ்லாக் பாலம். 1900-இல் திறந்தது, 1997-இல் ஓய்வு. பெயர் அப்போதைய மெட்ராஸ் கவர்னருடையது. 56 கண். ஒரே லைன்தான், ஆனாலும் கல்கத்தா மெயில் எல்லாம் எழுபது வருஷத்துக்கு மேல் அதை மட்டுமே நம்பி ஓடியது. 1974-இல்தான் அடுத்த பாலம் வந்தது, மேலே லாரி, கீழே ரயில். எனக்கென்னவோ ஓடாமல் நிற்கும் அந்தக் கிழவன் மேல்தான் கண் போகிறது.

கார்த்தி: அதில் ஏறி ஒரு ரீல்ஸ்?

சித்தப்பா: உதை வாங்குவாய். ரயில்வே இடத்தில் அத்துமீறினால் ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவு, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். படம் எல்லாம் படித்துறையிலிருந்துதான்.

ராஜி அத்தை: சரி, பாலத்தைத் தவிர அந்த ஊரில் ஒன்றுமே இல்லையா?

சித்தப்பா: காலையில் தவளேஸ்வரம் போனேன். 1852-இல் அங்கே அணை கட்டி முடித்தது யார் தெரியுமா? நம் முக்கொம்பு மேலணையைக் கட்டிய அதே ஆர்தர் காட்டன்.

பாட்டி: முக்கொம்புக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீரைப் பார்க்காமல் ரயில் எங்கே, ரயில் எங்கே என்று அழுதாய்.

சித்தி: அப்போதே இப்படித்தானா! அத்தை, இதை எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

கார்த்தி: சித்தப்பா, ஆர்ச்சில் மொத்தம் எத்தனை வில்?

சித்தப்பா: 28. படித்திருக்கிறேன், ஆனால் கண்ணால் எண்ணிப் பார்த்துவிடுகிறேன். இரு.

ராஜி அத்தை: வாய்ஸ் கால் – பதில் இல்லை

ராஜி அத்தை: வாய்ஸ் கால் – 1 நிமிடம்

ராஜி அத்தை: பூதரேகு, அதான் அந்த ஊர்ப் பக்கத்து ஸ்வீட், வாங்கி வரச் சொன்னேன். நெய் போட்டது, இரண்டு டப்பா. ஏன் என்னிடம் எரிந்து விழுகிறார்?

சித்தப்பா: பத்தொன்பதில் இருந்தேன்.