அம்மாவின் பல்செட் எரிச்சலுக்கு ஆயுர்வேதத்தில் வழி உண்டா? அவசரம்

திருமங்கலம் மகள்:
அம்மாவுக்குப் பல்செட் கட்டியிருக்கிறோம். மாட்டினால் எரிகிறது என்று கழற்றிக் கழற்றி வைத்துவிடுகிறார். மூன்று நாளாகக் குழைத்த ரசஞ்சாதம்தான். ஆயுர்வேத முறையில் எண்ணெய் கொப்பளித்தால் குணமாகும் என்கிறார்கள். எந்த எண்ணெய், எவ்வளவு நேரம்? இன்று ராத்திரியே ஆரம்பிக்க வேண்டும்.

மேலூர் பாண்டி:
முழு செட்டா, நாலைந்து பல்லா? எரிவது மேலேயா கீழேயா? கட்டி எத்தனை நாள்? சர்க்கரை உண்டா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்ல, அக்கா?

செல்லூர்க்காரன்:
செக்கு நல்லெண்ணெய் போதும். எங்கள் அப்பத்தா அதோடு கிராம்புத் தைலமும் இரண்டு சொட்டு ஈறில் தடவும். வலி பறந்துவிடும்.

கடுக்காய்:
இதே கேள்விக்குப் பலமுறை எழுதியாயிற்று, தேடிப் பார்க்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. தம்பி, கிராம்புத் தைலத்தை அப்படியே தடவினால் புண் வெந்துபோகும். அப்புறம், பொதுவாகக் ‘கொப்பளிப்பது’ என்று சொல்லாதீர்கள். வாயில் புரளும் அளவுக்கு எண்ணெய் விட்டால் கவளம். அசைக்கவே முடியாமல் வாய் நிறைய நிறுத்தினால் கண்டூஷம். பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சுசுருதர் அளவை வைத்தே பிரிக்கிறார். இரண்டுமே செட்டைக் கழற்றிவிட்டுத்தான். திரிபலா கஷாயத்தை ஆறவைத்து வடிகட்டியும் கொப்பளிக்கலாம்.

செல்லூர்க்காரன்:
திரிபலாவில் சேரும் கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் நம் சித்த மருந்து. அதை ஏன் ஆயுர்வேதக் கணக்கில் எழுதுகிறீர்கள்?

கடுக்காய்:
இரண்டிலும் உண்டு. சரகரின் ஆயுர்வேத நூலைப் படித்துவிட்டு வாருங்கள்.

மேலூர் பாண்டி:
அண்ணே, அந்தச் சண்டை அப்புறம். அந்தம்மா சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறார்.

பல் லேப் ஊழியர்:
நான் மதுரையில் செட் செய்கிற வேலையில் இருக்கிறேன். ஓரம் உரசினால் எந்த எண்ணெயும் அதை மழுக்காது. டார்ச் அடித்து ஈறைப் பாருங்கள். ஒரே இடத்தில் புண் என்றால் ஓரம் இடிக்கிறது, கட்டியவரே ராவித் தர வேண்டும். மேலண்ணம் முழுக்கச் சிவந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு அது சீக்கிரம் வரும். டாக்டரிடம் போகுமுன் சில மணி நேரம் செட்டை மாட்டியிருக்கட்டும். ஈறில் தடம் விழுந்தால்தான் உரசுகிற இடம் பிடிபடும். வீட்டிலேயே செட்டின் மேல் பிளேடு, உப்புத்தாள் எதுவும் வைத்துத் தேய்க்காதீர்கள். கொதிநீரில் போட்டால் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ராத்திரி கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

திருமங்கலம் மகள்:
மன்னிக்கவும். மேலும் கீழும் முழு செட், 9 நாள் ஆகிறது, சர்க்கரை உண்டு. டார்ச் அடித்தேன். கீழே நாக்குப் பக்கம், அரிசி நீளத்துக்கு வெள்ளையாக, சுற்றிலும் சிவப்பு.

பல் லேப் ஊழியர்:
ஓரம்தான். நாளைக்கே கூட்டிப் போங்கள். அதுவரை இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் போதும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாவிட்டால் மறுபடி காட்டுங்கள்.

திருமங்கலம் மகள்:
ராவிக் கொடுத்தார். நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டார். காலையில் மாட்டுமுன் நல்லெண்ணெய் கொப்பளிக்கிறார், வாய் வறட்சி குறைந்திருக்கிறதாம். நன்றி.